ஒரே ‘ஏனுங்க’, மூன்று குரல்

ஊர்த் திருவிழா நாடகத்தில் நடிக்கிறீர்களா? வசனத்துக்கு முன்னால் ‘ஏனுங்க’ என்ற ஒரே சொல்லைப் பழகுங்கள். வாசலில் நின்று ஆளைக் கூப்பிடுவதுபோல ஒருமுறை. கடன் கேட்க வந்தவர் தயங்குவதுபோல ஒருமுறை. அப்புறம் கோபத்தில். கோபம் என்றதும் கத்த வேண்டாம். ‘ஏ’வைக் குறுக்கி ‘ங்க’வை அழுத்தினாலே சுருக்கென்று தைக்கும். கொங்கு நாட்டுக் கதைப்பாட்டான அண்ணன்மார் கதையை உடுக்கை அடித்துப் பாடுபவர், பாட்டிலிருந்து பேச்சுக்கு இறங்கும் இடத்தைக் கவனித்துக் கேளுங்கள். பாதிப் பாடம் அங்கேயே இருக்கிறது.

இன்னொன்று, கடைசிச் சொல்லை விழுங்குவது (எனக்கும் உள்ள வியாதிதான்). தமிழில் வினைச்சொல் பெரும்பாலும் கடைசியில் வரும். அது அமுங்கினால், வந்தானா வரவில்லையா என்றே பின்வரிசைக்குத் தெரியாது. நீள வசனமா? நடுவில் மூச்சு வாங்கும் இடத்தைத் தாளிலேயே பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.