கல்வாழைப் படுகை அடைத்தால் பாக்டீரியா பொடிப் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள், பொறுங்கள்

போன வாரம் ஒருவர் படம் அனுப்பியிருந்தார். கழிவுநீரைச் சுத்திகரிக்க ஜல்லி நிரப்பிக் கல்வாழை நட்ட படுகை. செடி செழிப்பாக நிற்கிறது. ஜல்லிக்கு மேலே கறுப்புத் தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது. கூடவே ஒரு வரி: “எத்தனை கிலோ பாக்டீரியா போடணும் சார்?” நானும் ஒரு காலத்தில் இதையேதான் கேட்டேன். படுகை அடைக்கும்போது நடக்கும் தவறுகள் இவை.

எது அடைத்தது என்று பார்க்காமல் பொடி கொட்டுவது

இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான். ஒரு விடுதிக்குப் படுகை போட்டபோது முக்கால் இன்ச் ஜல்லியைக் கழுவாமல் கிரஷர் தூசியோடு கொட்டினார்கள். நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டாவது மழைக்காலத்தில் நுழைவுப் பக்கம் தண்ணீர் மேலே வந்துவிட்டது. பேசில்லஸ் என்ற பாக்டீரியாவின் பொடி வாங்கி வாராவாரம் மூன்று மாதம் ஊற்றினேன். அதன் நொதிகள் கொழுப்பையும் புரதத்தையும் மாவுச்சத்தையும் சிதைக்கும், சரி. கல்தூசியை எந்த நுண்ணுயிர் தின்னும்? கடைசியில் முதல் இரண்டு மீட்டர் ஜல்லியைத் தோண்டிக் கழுவித் திரும்பப் போட்டோம். பொடிக்குப் போன காசில் அந்தக் கூலியை முதலிலேயே கொடுத்திருக்கலாம்.

இப்போதெல்லாம் தண்ணீர் நுழையும் இடத்தில் ஒரு சாண் தோண்டி, கையளவு ஜல்லியை வாளியில் அலசுவேன். அடிவண்டலைக் காயவைத்து எடை போட்டு, பழைய இரும்புச் சட்டியில் நன்றாகக் கருக வறுப்பேன். (வீட்டுக்கு வெளியே! ஒருமுறை உள்ளே வறுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.) புகைந்து எடை நன்றாகக் குறைந்தால் அது உயிர்ப்படலமும் (நுண்ணுயிர்கள் ஜல்லியில் ஒட்டி வளர்க்கும் வழவழப்பு) கொழுப்பும், பாக்டீரியாவுக்கு வேலை இருக்கிறது. தூள் அப்படியே கிடந்தால் மண். வறுக்காத வண்டலில் கொஞ்சம் ஆசிட் விட்டு நுரைத்தால் சுண்ணாம்புப் படிவு.

வெல்லம் சேர்ப்பது

ஈ.எம். எனப்படும் நுண்ணுயிர்க் கரைசலை வெல்லம் போட்டு ஊறவைத்துப் பழகிய விவசாய நண்பர்கள் இங்கேயும் வெல்லத்தைக் கரைக்கிறார்கள். அந்த இனிப்பைத் தின்று நுண்ணுயிர்கள் இன்னும் பிசின்தான் கக்கும்.

பிளீச்சிங் பவுடர்

கழிப்பறையில் கொட்டுவது படுகைக்கு வந்து நுண்ணுயிர்களைக் கொல்லும். கழுவுபவரிடம் வேண்டாமென்று சொல்லிவிட்டு வாருங்கள்.

படுகைக்கு ஓய்வு தராதது

பொடி செய்யாததை ஓய்வு செய்யும். தண்ணீரை வடித்தால் காற்று புகும். படலம் காய்ந்து சுருங்கும். ஏற்கெனவே உள்ளே இருக்கும் நுண்ணுயிர்களே மிச்சத்தைத் தின்னும். பிரான்சில் செங்குத்துப் படுகையை (தண்ணீர் மேலிருந்து கீழே இறங்குவது) மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மூன்றரை நாள் தண்ணீர், 7 நாள் ஓய்வு என்று மாற்றுகிறார்கள். நம் ஊரில் இடமில்லையென்று ஒரே தொட்டியாகக் கட்டிவிடுகிறோம். நடுவில் ஒரு தடுப்பாவது வையுங்கள். வடிந்து நிற்கும் பாதியில் பாக்டீரியா கரைசலை ஊற்றினால் ஒட்டிக்கொள்ள நேரம் கிடைக்கும்.

செப்டிக் டேங்க்

படுகைக்கு முன்னால் இருக்கும் டேங்க் நிறைந்து, சேறு படுகைக்குள் வழிகிறதா? முதலில் சேறு உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள்.

படம் அனுப்பியவர் வறுத்துப் பார்த்தார். பாதிக்கு மேல் எரிந்துவிட்டதாம். பொடி வாங்கச் சொல்லியிருக்கிறேன், டேங்க்கைக் காலி செய்த பிறகு.