புரூலி புண்ணைப் படங்கள் வழியே ஊராருக்கு விளக்கும் முறை

கானா, பெனின், ஐவரி கோஸ்ட் ஆகிய மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில், ஆற்றையும் சதுப்பையும் ஒட்டிய கிராமங்களில் காணப்படும் புரூலி புண், பெரும்பாலும் கையிலோ காலிலோ வலியில்லாத சிறு கட்டியாகவோ தடிப்பாகவோ தொடங்குகிறது. மைக்கோபாக்டீரியம் அல்சரன்ஸ் என்னும் கிருமி சுரக்கும் மைக்கோலாக்டோன் நச்சு, திசுக்களை அழிப்பதோடு வலியையும் மரக்கச் செய்துவிடுவதால், புண் உடைந்து பரவும்வரை யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆகவே நாம் காட்டும் முதல் படம் அந்தச் சிறு கட்டியாகத்தான் இருக்க வேண்டும். கோரமான பெரும் புண்ணை முதலில் காட்டினால், பார்ப்பவர் அஞ்சி முகத்தைத் திருப்பிக்கொள்வார். தம் குழந்தையின் காலிலுள்ள கட்டி வேறு ஏதோ என்றும் முடிவு செய்துவிடுவார்.

நோய்க்குறிகளுக்குப் புகைப்படமும், செய்ய வேண்டியவற்றுக்குக் கோட்டோவியமும் பொருந்தும். கறுத்த தோலில் எடுத்த படங்களையே பயன்படுத்துங்கள். வெளிர்ந்த தோலில் தெரியும் சிவப்பு அங்கே தெரியாது. ஆப்பிரிக்காவில் நோயுற்றோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் 15 வயதுக்குட்பட்டவர்கள் என்பதால் சிறுவர் படங்களும் தேவை. கட்டியை மட்டும் பெரிதாக்கிக் காட்டினால் அதன் உண்மையான அளவே அது என்று எண்ணிவிடுவார்கள்; முதலில் முழு உடலையும், பிறகு காலையும், கடைசியாக விரல் ஒன்று அருகில் இருக்கும்படி கட்டியையும் காட்டுங்கள். படத்தில் இருப்பவரிடமோ பெற்றோரிடமோ ஒப்புதல் பெற்று, முகத்தை மறைத்துவிடுங்கள். அக்கம்பக்கத்து ஊர்க்காரரின் படத்தைத் தவிர்ப்பது இன்னும் நல்லது.

அச்சிடும் முன் ஊரார் சிலரிடம் விளக்கமின்றிப் படத்தைக் கொடுத்து, "இதில் என்ன தெரிகிறது?" என்று கேளுங்கள். "புரிகிறதா?" என்று கேட்டால், மரியாதைக்காகவேனும் ஆம் என்றுதான் சொல்வார்கள்.

நோய் பரவும் வழி ஆப்பிரிக்காவில் இன்னும் உறுதியாக நிறுவப்படாததால், கொசுவையோ ஆற்றையோ குற்றவாளியாக வரையக் கூடாது. ஆனால் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு இது பொதுவாகத் தொற்றுவதில்லை. நோயாளி குடும்பத்தோடு அமர்ந்து உண்ணும் ஓவியம் ஒன்று அவசியம். செய்வினை என்று நம்புவோருடன் வாதிடுவதைவிட, குணமடைந்தவர் ஒருவரையே இந்தப் படங்கள் அச்சிட்ட அட்டையைப் பிடித்துப் பேசச் சொல்வது பலன் தரும். நாட்டு வைத்தியர்களையும் அழையுங்கள், ஏனெனில் கட்டியை முதலில் பார்ப்பவர்கள் பெரும்பாலும் அவர்களே.

சிகிச்சைப் படங்களுக்கு நிறைய இடம் ஒதுக்குங்கள். ரிஃபாம்பிசின், கிளாரித்ரோமைசின் என்னும் இரு நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளை 8 வாரங்கள் நாள்தோறும் உட்கொள்ள வேண்டும். இடையில் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும்; சிலருக்குப் புண் ஆறுவதற்கு முன் பெரிதானதுபோலவும் தோன்றும். இவற்றை முன்கூட்டியே காட்டாவிட்டால், மருந்து கேடு செய்கிறது என்று பயந்து பலர் பாதியில் நிறுத்திவிடக்கூடும். ஒரே புண்ணை வாரவாரியாக எடுத்த படவரிசை இந்த அச்சத்தைப் போக்கும்.

கூட்டம் முடிந்ததும், தம் உடலைக் காட்ட விரும்புவோருக்கு மறைவான இடமும், பெண்களுக்குப் பெண் சுகாதாரப் பணியாளரும் அன்றே ஆயத்தமாக இருக்க வேண்டும். அட்டையின் ஒரு பிரதியை, சிகிச்சை நிலையத்தின் பெயரையும் அது திறந்திருக்கும் நாட்களையும் எழுதி, ஊர் சுகாதாரத் தன்னார்வலரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.