எஸ்யூவியின் முன்சக்கர பிரேக் பேடை வீட்டிலேயே மாற்ற

பேடின் உராயும் பகுதி 3 மி.மீ.க்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். இரும்பு உரசும் சத்தம் வரும்வரை ஓட்டினால், சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்குக்கும் சேர்த்துச் செலவு. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் அடிக்கும்போது வண்டி இழுக்கும். இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து 4 பேட் வாங்குங்கள்.

வீல் நட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதே தளர்த்திக்கொள்ளுங்கள். எஸ்யூவி எடைக்கு ஜாக்கியை மட்டும் நம்பவே கூடாது, ஸ்டாண்டு கட்டாயம். பெரும்பாலான வண்டிகளில் காலிப்பரின் (பேட்களை டிஸ்க்கோடு அழுத்தும் பகுதி) கீழ் போல்ட்டைக் கழற்றி மேலே தூக்கினால் பேட்கள் வந்துவிடும். காலிப்பரை முழுவதும் கழற்றினால் கம்பியால் கட்டி வையுங்கள். பிரேக் ஆயில் வரும் ஹோஸில் தொங்கவிட்டால் ஹோஸ் கெடும்.

பழைய பேடை வைத்து சி-கிளாம்பால் காலிப்பரின் பிஸ்டனை மெதுவாக உள்ளே தள்ளுங்கள். அப்போது பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் ஏறும். வழிந்து பெயின்டில் பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், இல்லையேல் பெயின்ட் உரியும்.

பலரும் விட்டுவிடுவது, காலிப்பர் நகர்ந்து கொடுக்க உதவும் ஸ்லைடு பின்னைத்தான். அது இறுகினால் உள்பக்கப் பேட் மட்டும் சீக்கிரம் தேயும். உருவித் துடைத்து சிலிக்கான் பிரேக் கிரீஸ் தடவுங்கள். சாதா கிரீஸ் பட்டால் பின்னை மூடும் ரப்பர் பூட் உப்பிவிடும்.

எல்லாம் மாட்டியபின், வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள். முதல் சில மிதிகள் தரைவரை போகும். இதை மறந்து கிளப்பினால் வண்டி நிற்காது.

பின்சக்கரத்தில் எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் இருந்தால் கிளாம்ப் போடாதீர்கள். முதலில் அந்த பிரேக்கை சர்வீஸ் மோடுக்கு (பேட் மாற்ற பிஸ்டனை விடுவிக்கும் நிலை) மாற்ற வேண்டும்.