பிளஸ் டூ பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்க்க: கல்லூரியும் ஊரும் சேர்ந்து செய்ய வேண்டியது

பிளஸ் டூ பரீட்சை மார்ச்சில் முடிகிறது. கல்லூரி திறக்க ஜூன், ஜூலை ஆகிவிடும். திருப்பூர், பல்லடம், சோமனூர், பள்ளிபாளையம் பக்கம் பிள்ளைகள் கைநழுவிப் போவது இந்த இடைவெளியில்தான். ‘லீவுக்கு’ என்று பனியன் கம்பெனிக்கோ தறிக்குடோனுக்கோ போகிறார்கள். சனிக்கிழமைக் கூலி பழகியதும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். நல்ல மார்க் எடுத்த பிள்ளைக்கும் ஒரு சான்றிதழோ ஓர் ஓடிபியோ குறுக்கே நிற்கிறது. ஒருநாள் வழிகாட்டி முகாம் நடத்தி இதைச் சரிசெய்ய முடியாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் பேர் போட்ட ஒரு நோட்டும், அதை அக்டோபரிலிருந்து அடுத்த செப்டம்பர் வரை சுமக்க ஆட்களும் வேண்டும்.

ஒரு கல்லூரிக்கு, பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இரண்டு மூன்று அரசு மேல்நிலைப் பள்ளிகள் போதும். இருபது பள்ளியை எடுத்தால் போஸ்டர் ஒட்டுவதோடு வேலை நின்றுவிடும். கல்லூரியிலிருந்து நாட்டு நலப்பணித் திட்ட (என்.எஸ்.எஸ்.) அலுவலர், பள்ளியிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு ஆசிரியர்கள், ஊரிலிருந்து பள்ளி மேலாண்மைக் குழுத் தாய்மார்களும் மகளிர் குழுவினரும் வேண்டும். அதே பள்ளியில் படித்து, இப்போது கல்லூரி இரண்டாம் ஆண்டில் இருக்கும் மாணவர்களிடம் ஆளுக்குப் பத்துப் பிள்ளைகளை ஒப்படையுங்கள். என்.எஸ்.எஸ். மாணவருக்கு ஆண்டுக்கு 120 மணி நேரச் சேவை எப்படியும் உண்டு. ஏழு நாள் முகாமில் இரண்டு நாளை வீடு வீடாகப் போக ஒதுக்கினால் தனிச் செலவே இல்லை.

நோட்டில் முதலில் பார்க்க வேண்டியது பெயர். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ‘கவிதா எஸ்’, ஆதாரில் ‘கவிதா சுப்பிரமணி’, பேங்க் பாஸ்புக்கில் ‘கவிதாமணி’ என்று இருக்கும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, மாறுகிற இடத்தில் சிவப்பு மையில் கோடு போடுங்கள். நவம்பர், டிசம்பரிலேயே ஆதாரைத் திருத்தக் கொடுத்துவிட்டால் மே மாதம் அலைய வேண்டாம். கூடவே எமிஸ் எண் (பள்ளிக்கல்வித் துறைப் பதிவில் பிள்ளைக்கு உள்ள எண்), அம்மாவின் போன், பக்கத்து வீட்டு போன், பெற்றோரின் ஷிப்ட் நேரம். சாதி, வருமானம், முதல் பட்டதாரி ஆகிய மூன்றையும் இ-சேவையில் விண்ணப்பிக்கலாம், ஒன்றுக்கு 60 ரூபாய். முதல் பட்டதாரிச் சான்றுக்கு வீட்டிலுள்ள எல்லோருடைய படிப்பு விவரமும் கேட்பார்கள். அண்ணனோ அக்காவோ டிகிரி முடித்திருந்தால் கிடைக்காது, அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது பேங்க். கல்லூரி சேரும் பெண்களுக்கான புதுமைப் பெண், ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய், ஆதாரோடு டிபிடிக்கு (அரசுப் பணம் நேராகக் கணக்கில் ஏறும் முறை) இணைந்த கணக்குக்குத்தான் போகும். பாஸ்புக்கில் ஆதார் நம்பர் ஏறியிருப்பது வேறு, டிபிடிக்கு இணைப்பது வேறு. ஆறாம் வகுப்பில் ஸ்காலர்ஷிப்புக்குத் திறந்து முடங்கிப்போன கணக்கோடு இணைந்திருந்தால் பணம் வந்துசேராது. ஆதார் இணையதளத்தில் ‘பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்’ என்ற இடத்தில் எந்த பேங்க் என்று இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

பெற்றோரைப் பள்ளிக்குக் கூப்பிட்டால் ஒரு நாள் கூலி போகும். ஷிப்ட் முடிந்த பிறகு வீட்டுக்கே போங்கள். ‘ஏனுங் சார், கம்பெனிக்குப் போனா வாரா வாரம் காசு வருதுங்களே?’ என்று அம்மா கேட்பது நியாயமான கேள்வி. அறிவுரை சொல்லாமல் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டுங்கள்: அந்தக் கல்லூரியின் உண்மையான ஆண்டுக் கட்டணம், அரசுக் கல்லூரி மாணவருக்கு உள்ள இலவச பஸ் பாஸ், மாதம் வரும் ஆயிரம், லீவில் வேலைக்குப் போனால் கிடைக்கும் கூலி. மில்லில் முன்பணம் வாங்கியிருக்கிறார்களா என்று தனியாகக் கேளுங்கள். வாங்கியிருந்தால் பிள்ளையை மட்டும் பேசி மாற்ற முடியாது. கடம்பூர், பர்கூர் மலைப் பிள்ளைகள் என்றால் விடுதி இடத்தை முதலில் உறுதிசெய்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

விண்ணப்ப நாட்களில் பெரிய வில்லங்கம் பிரவுசிங் சென்டர். கடைக்காரர் தன் போன் நம்பரையும் தன் ஈமெயிலையும் போட்டுவிடுவார். பிறகு கவுன்சிலிங் தகவல் அவருக்குத்தான் போகும், சீட் கைவிட்டுப் போவது பிள்ளைக்குத் தெரியாது. விண்ணப்பத்தைக் கல்லூரி கம்ப்யூட்டர் லேபில், பிள்ளை கையாலேயே போட வையுங்கள். பாஸ்வேர்டு அவர்களிடம் இருக்கட்டும். கம்பெனிக்குள் போனுக்கு அனுமதி இருக்காது என்பதால் அம்மாவின் நம்பரும் பொறுப்பு மாணவரின் நம்பரும் கட்டாயம் வேண்டும்.

அரசு கலைக் கல்லூரிக்கு விண்ணப்பச் செலவு 50 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 2 ரூபாய்தான். பொறியியல் கவுன்சிலிங்குக்கு 500, எஸ்.சி., எஸ்.டி.க்கு 250. இரண்டுக்கும் போட வையுங்கள். பொறியியலில் ஒதுக்கீடு வந்ததும் குறித்த நாளுக்குள் ஆன்லைனில் உறுதிசெய்ய வேண்டும், அந்த வாரம் தினமும் போன் பண்ணுங்கள். ‘சீட் நான் வாங்கித் தர்றேன்’ என்று வரும் புரோக்கர் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்த்துவிட்டால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத இடஒதுக்கீட்டின் முழுக் கட்டணச் சலுகையும், முதல் பட்டதாரிச் சலுகையும் போச்சு. இரண்டும் கவுன்சிலிங் வழியாக மட்டுமே. அசல் சான்றிதழைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) விதி, அதையும் பெற்றோருக்குச் சொல்லிவையுங்கள். ஃபெயிலான பிள்ளையை ரிசல்ட் அன்று சாயங்காலமே பாருங்கள். துணைத் தேர்வு எழுதி அதே ஆண்டு சேரலாம் என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பிள்ளைக்கு 1,500 ரூபாய் வீதம் கையில் இருந்தால் சான்றிதழ், விண்ணப்பம், ஜெராக்ஸ், போட்டோ, இருவர் பஸ் செலவு எல்லாம் அடங்கும். உள்ளூர்க் கொடையாளர் முதல் கட்டணம் கட்டினால் நேராகக் கல்லூரிக்குக் கட்டி ரசீது வாங்குங்கள். மேடையில் செக்கைக் கொடுத்துப் பிள்ளையைப் போட்டோ எடுக்க வேண்டாம். வகுப்பில் அந்தப் பிள்ளை தலை நிமிர்ந்து உட்கார வேண்டும்.

சேர்ந்ததோடு நோட்டை மூடிவிடாதீர்கள். தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் முதல் மாதம் இங்கிலீஷ் பாடத்தில் மிரண்டு நின்றுவிடுவார்கள். முதல் முப்பது நாள் வருகையை வாரம் ஒருமுறை பாருங்கள், தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால் அன்றே வீட்டுக்குப் போங்கள். கல்லூரி மாணவர் விவரத்தை ஏற்றும் யுமிஸ் தளப் பதிவும் ஸ்காலர்ஷிப் விண்ணப்பமும் முடிந்ததா என்று கல்லூரி அலுவலகத்தில் பேர் பேராகச் சரிபாருங்கள். செப்டம்பரில் நோட்டை அடுத்த அணியிடம் கொடுக்கும்போது, சேராமல் போனவர்களின் பெயரை முதல் பக்கத்துக்கு மாற்றி எழுதுங்கள். அடுத்த மே மாதம் முதல் போன் அவர்களுக்குத்தான்.