வெடிப்பலா: பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்

பெயரில் பலா இருப்பதால் பலரும் இந்த மேற்குத் தொடர்ச்சி மலை மரத்தைப் பலாவின் காட்டு வகை என்று நினைத்துவிடுகிறார்கள். வெடிப்பலா உண்மையில் தென்கிழக்காசியாவின் முள்பழமான டுரியனுக்குத்தான் பங்காளி. பலா இலையின் காம்பை ஒடித்தால் பால் கசியும், இதில் கசியாது. முள் நிறைந்த உருண்டைப் பழம் முற்றியதும் வெடித்துப் பிளக்கும். உள்ளே சுளையை எதிர்பார்த்தால் பழுப்புக் கொட்டைகள்தான் கிடைக்கும். விதையைப் போர்த்தும் சதை இல்லாதது என்பதுதான் இதன் அறிவியல் பெயரில் உள்ள ‘எக்ஸாரில்லேட்டா’ என்ற சொல்லின் பொருளே.

பழத்தைக் கண்டால்தான் அடையாளம் சொல்ல முடியும் என்பதும் தவறு. முப்பது மீட்டருக்கு மேல் அண்ணாந்து பார்த்துக் கழுத்தை வலிக்கவைத்துக்கொள்வானேன்? அடியில் கிடக்கும் இலை ஒன்றைப் புரட்டுங்கள். மேற்புறம் பச்சை மெருகு, அடிப்புறம் வெள்ளியும் செம்பும் கலந்த பளபளப்பு. லென்ஸ் வைத்துப் பார்த்தால் நுண்ணிய செதில்கள் அப்பியிருப்பது தெரியும். பூவை நுனிக்கொம்பில் தேடாதீர்கள். தடித்த கிளைகளின் முண்டுகளில் கொத்தாகப் பூக்கும், இதழ் கிடையாது. சதைப்பற்றான அந்தப் பூவையும் பிஞ்சுப் பழத்தின் விதையையும் சோலைமந்தி எனும் சிங்கவால் குரங்கு விரும்பித் தின்னும்.

வளர்ப்பவர்கள் செய்யும் பெரிய தவறு, கொட்டையை விதைநெல் போல வெயிலில் காயவைத்து எடுத்துவைப்பது. இது மழைக்காட்டு விதை. ஈரம் போனால் உயிரும் போய்விடும். பொறுக்கிய ஓரிரு நாளில், துளை விழுந்ததை ஒதுக்கிவிட்டு, நாற்றுப் பையில் ஊன்றிவிட வேண்டும். விதைக்காகக் காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம் என்பதையும் மறக்க வேண்டாம். மலைச்சாலையோரம் விழுந்து, வண்டிச் சக்கரத்தில் நசுங்கப்போகும் கொட்டைகளே போதும்.

நாற்றை வெட்டவெளியில் நட்டுவிட்டுக் கருகிவிட்டதே என்று வருந்துபவர்களும் உண்டு. இது நிழலில் முளைத்து நிதானமாக மேலேறும் மரம். வட்டக்கண்ணி போன்ற மரங்கள் முன்பே குடைபிடித்திருக்கும் இடத்தில் நட்டால் தப்பிக்கும். சோலைக்காட்டை ஒட்டிய மலைப் புல்வெளியில் நடுவதை நான் மன்னிக்கவே மாட்டேன். அது காடு அழிந்த பொட்டல் அல்ல, தொன்றுதொட்டுப் புல்வெளிதான்.

களக்காட்டிலும் ஆனைமலையிலும் ஏறக்குறைய 600 முதல் 1,400 மீட்டர் உயரத்தில், ஈரக்காற்றில் வாழும் மரம் இது. சமவெளியில் வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவருக்குப் பலாவே போதும். அதிலாவது சுளை உண்டு.