நகர மறுத்த அந்த ஒரு கோப்பு

கைப்பேசிப் படங்களைக் கிளவுடுக்கு ஏற்றும் வேலை, "1 மீதமுள்ளது" என்ற வரியோடு நாள்கணக்கில் நின்றுவிட்டது. புதிய படம் எடுத்தால் எண்ணிக்கை கூடியதே தவிர, எதுவும் ஏறவில்லை.

வைஃபையை மாற்றினேன், பேட்டரி சிக்கனத்தை நிறுத்தினேன். கணக்கில் இடமும் தாராளமாக இருந்தது. செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவியதுதான் பெரிய வீண் வேலை: ஏற்கெனவே ஏறிய படங்களையெல்லாம் அது முதலிலிருந்து சரிபார்க்கத் தொடங்கிவிட்டது.

கேலரியின் அடிவரை உருட்டியபோதுதான் கண்ணில் பட்டது, 1970 ஜனவரி 1 என்று தேதியிட்ட ஒரு சாம்பல் கட்டம். ஆண்ட்ராய்டு நேரத்தை எண்ணத் தொடங்கும் நாள் அது. தேதி விவரம் தொலைந்த கோப்பு அங்கே போய் ஒதுங்கிவிடுகிறது. சமீபத்திய படங்களைப் புரட்டுகிறவர் கண்ணில் படவே படாது. கோப்பு மேலாளரில் திறந்து பார்த்தேன். அளவு 0 பைட். பாதியில் அறுந்த வீடியோவாக இருக்க வேண்டும். அனுப்ப உள்ளே ஒன்றுமில்லை. செயலியோ அதையே விடாமல் முயன்றுகொண்டிருந்தது.

கேலரியில் அழித்தால் மறுபடி முளைத்தது. கோப்பு மேலாளரிலிருந்தே அழித்துவிட்டு, கைப்பேசியை அணைத்து மீண்டும் இயக்கினேன். சற்று நேரத்தில் வரிசை நகரத் தொடங்கியது. அப்பாடா என்றிருந்தது. அன்றிரவே எல்லாப் படங்களும் ஏறிவிட்டன.