வளவுக்குள்ள படம் எடுக்கறது எப்படி: ஏழு பூட்டு எனக்குச் சொல்லிக்குடுத்தது

மொதல்லயே சொல்லிடறேன், நான் பெரிய போட்டோகிராஃபர் எல்லாம் இல்ல, ரெண்டாம் வருஷம் போட்டோகிராஃபி படிக்கறேன், சொந்த ஊரு காரைக்குடி, கையில இருக்கறது செகண்ட் ஹேண்ட்ல வாங்குன கேமராவும் அதோட வந்த 18-55 லென்ஸும்தான். இந்த செமஸ்டருக்கு நம்ம ஊரு வீடுங்களயே எடுத்துட்டுப் போனேன், மொத ரிவ்யூல "ஹோட்டல் விளம்பரம் மாதிரி இருக்குப்பா"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டாங்க. கோவம் வந்துச்சு. ஆனா ராத்திரி ரூம்ல ஒக்காந்து பாத்தா அவங்க சொன்னது சரிதான்னு பட்டுச்சு, ஆத்தங்குடி டைல்ஸு, பர்மா தேக்குத் தூணு, முற்றத்துல வெயிலு, நேர் கோட்டுல வாசக்கதவுல இருந்து பின்கட்டு வரைக்கும்... கானாடுகாத்தான் பக்கம் கார்ல வந்து எறங்குற எல்லாரும் எடுக்கற அதே படம்.

அந்த செட்லயே ஒரு படம் மட்டும் தப்பா வந்திருந்துச்சு. பள்ளத்தூர்ல ஒரு வீடு, கேமரா வெளிச்சத்த அளக்கற மீட்டரிங், ஒரு சின்ன எடத்த மட்டும் பாக்கற 'ஸ்பாட்'ல இருந்தத கவனிக்காம நான் பாட்டுக்கு அமுக்கிட்டேன், அது இருட்டுக் கதவப் பாத்து அளந்து முற்றத்த மொத்தமா வெள்ளையடிச்ச மாதிரி ஆக்கிருச்சு. டெலீட் பண்ணப் போனவன் அப்பதான் பாத்தேன், வளவ, அதாவது நடு முற்றமும் தாழ்வாரமும் இருக்கற பகுதிய, சுத்தி வரிசையா ஏழு அறைக் கதவு, ஏழுலயும் பூட்டு, ஏழும் வேற வேற. ஒண்ணு பழைய பித்தளை, ஒண்ணு துருப்பிடிச்சு ஒட்டிப்போனது, ஒண்ணு போன வருஷம் வாங்குன மாதிரி பளபளன்னு. நல்லா வந்த படங்கள்ல இதெல்லாம் கருப்புக்குள்ள போயிருந்துச்சு.

தெரியாதவங்களுக்கு: நகரத்தார்ல கல்யாணம் ஆன ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி, அவங்கவங்களுக்குன்னு வளவுல அறை உண்டு, வீடு என்னமோ பங்காளிங்க எல்லாருக்கும் பொது. அதனால வீட்டுக்கு ஒரு சாவின்னா அறைக்கு ஆளுக்கொரு சாவி, ஒண்ணு சென்னைல இருக்கும், ஒண்ணு சிங்கப்பூர்ல இருக்கும். அப்ப என் படம் தூணப் பத்தினது இல்ல, பூட்டப் பத்தினது. இது புரிஞ்சப்பறம் கேமரால என்னென்ன மாத்துனேங்கறதத்தான் இப்ப சொல்லப்போறேன்.

மொதல்ல வெளிச்சம். நடு மதியத்துல நான் அளந்தப்ப லென்ஸ் தொறப்பு f/8, சென்சார் உணர்திறன் ஐஎஸ்ஓ 100ல முற்றத்து வெயிலுக்கு ஷட்டர் 1/500 செகண்ட் காட்டுச்சு, மூலைக் கதவுக்கு 1/4. நடுவுல ஏழு ஸ்டாப் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு), அதாவது நூறு மடங்குக்கு மேல. ரெண்டையும் ஒரே படத்துல நல்லா கொண்டு வர்றது கஷ்டம், எதையாவது விட்டுத்தான் ஆகணும், எத விடறோங்கறதுலதான் படமே இருக்கு. வேற வேற வெளிச்ச அளவுல மூணு படம் எடுத்து ஹெச்டிஆர்ல ஒண்ணா ஒட்டலாமேன்னு கேப்பீங்க, நானும் செஞ்சு பாத்தேன், எல்லா மூலையும் டியூப்லைட் போட்ட கல்யாண மண்டபம் மாதிரி ஆயிருச்சு. அந்த வீட்டுல இருட்டு இருக்கு, அது இருட்டாத்தான் இருக்கணும்.

ஸ்பாட் மீட்டர் வச்சு கதவ அளக்கறப்ப ஒரு விஷயம் ஞாபகம் வச்சுக்கங்க. மீட்டருக்கு அது தேக்கா சுண்ணாம்பான்னு தெரியாது, எதக் காட்டுனாலும் நடுத்தரச் சாம்பலா ஆக்கப் பாக்கும். என்னோட அந்தத் தப்பான படத்துல கதவெல்லாம் வெளுத்துப்போன அட்டைப்பெட்டி மாதிரி இருந்ததுக்குக் காரணம் இதான். அதனால கதவ அளந்துட்டு ஒரு ஸ்டாப் கொறைங்க, 1/4 காட்டுனா 1/8. தேக்கு தேக்கா நிக்கும், பூட்டு மேல மட்டும் ஒரு மினுக்கு வரும். போன்ல எடுக்கறவங்க கதவ அமுக்கிப் புடிச்சு ஃபோகஸ லாக் பண்ணிட்டு, பக்கத்துல வர்ற சூரியன் குறிய கொஞ்சம் கீழ இழுங்க, அதே வேலதான்.

நேரமும் முக்கியம். சித்திரை மொத வாரத்துல நம்ம பக்கம் மதியம் 12.15 வாக்குல சூரியன் உச்சந்தலைக்கு நேரா நிக்கும், வெயிலு முற்றத்துக்குள்ள கெணத்துல எறங்குற மாதிரி எறங்கும், தூணு நிழலே இருக்காது. பாக்க நல்லாருக்கும், பூட்டுக்கு ஆகாது. நான் திரும்பப் போனது காலைல ஏழு மணிக்கு, வெயிலு ஓட்டு மேலதான் இருக்கும், முற்றத்துக்குள்ள வெறும் ஆகாச வெளிச்சம் மட்டும் வரும், அப்ப அந்த ஏழு ஸ்டாப் மூணாச் சுருங்கிருச்சு.

அடுத்தது எவ்வளவு தூரம் ஷார்ப்பா வேணுங்கறது. ஃப்ரெண்டோட 50 எம்எம் லென்ஸ கடன் வாங்கி f/1.8ல எடுத்தேன், ஒரு பூட்டு மட்டும் தெளிவா, மத்ததெல்லாம் கரைஞ்சு போச்சு, லைக் வாங்குற படம். ஆனா அது யாரோ ஒருத்தர் வீட்டப் பூட்டிட்டுப் போன கதையா ஆயிருது, எனக்கு வேணுங்கறது பங்காளிங்க அத்தன பேரும். அதனால என் லென்ஸயே 24 எம்எம்ல வச்சு f/11, சுவத்த ஒட்டி சாய்வா நின்னு ரெண்டர மீட்டர் தள்ளி ஃபோகஸ். என்னுது மாதிரி கிராப் சென்சார் (கொஞ்சம் சின்ன சென்சார்) கேமரால இப்படி வச்சா ஒண்ணேகால், ஒண்ணரை மீட்டர்ல இருந்து கடைசிக் கதவு வரைக்கும் தெளிவா வந்துரும். ஷட்டர் மெதுவா ஓடும், ட்ரைபாட் இல்லைன்னா ஏதாவது மரப்பெட்டி மேல வச்சு ரெண்டு செகண்ட் டைமர் போடுங்க. கேமராவ அண்ணாந்து மட்டும் புடிக்காதீங்க, தூணெல்லாம் உள்பக்கமா சாஞ்சு வீடே விழப்போற மாதிரி வரும்.

தரையப் பத்தி ஒண்ணு. ஆத்தங்குடி டைல்ஸ கண்ணாடிப் பலகை மேல வார்த்து எடுக்கறாங்க, சூளைல சுடறதில்ல, அந்த மினுமினுப்பு கண்ணாடியில இருந்து வந்தது. அதனால ஆகாசம் தரைல விழும். லென்ஸ் முன்னாடி போலரைசர்ங்கற ஃபில்டரப் போட்டுத் திருப்புனா அந்தப் பளபளப்பு போயி டிசைன் பளிச்சுன்னு தெரியும், எனக்கு டிசைன் வேணாம், ஆகாசம் வேணும், அதனால நான் போடல.

ஆனா ஆளுங்கள எடுக்கறப்ப அந்தச் செகப்புத் தரை படுத்தி எடுத்துரும். பக்கத்து வீட்டு ஆச்சி ரெண்டு நாளா என்னையப் பாத்துட்டே இருந்தாங்க, மூணாவது நாளு "என்னப்பு, பூட்டத்தான் எடுப்பியா, மனுசர எடுக்கமாட்டியா"ன்னு அவங்களே வந்து ஒக்காந்துட்டாங்க. எடுத்துப் பாத்தா தாவாங்கட்டைக்குக் கீழ எல்லாம் செகப்பு, மஞ்சக்காமாலைக்கு எதிர்ப்பதமா ஒரு நோவு வந்த மாதிரி. படத்தோட கலர் சாயத்தச் சரிபண்ற ஒயிட் பேலன்ஸ மாத்துனா செவுரு நீலமாவுது. கடைசில வீட்டப் பாத்துக்குற அண்ணங்கிட்ட ஒரு வெள்ள வேட்டி வாங்கி ஆச்சி காலுக்கு முன்னால தரைல விரிச்சேன், செகப்பும் மறைஞ்சுது, கீழ இருந்து பதமா வெளிச்சமும் ஏறுச்சு. ஒயிட் பேலன்ஸ ஆட்டோல விடாம டேலைட்லயே வச்சுட்டேன். ஆச்சிக்குத்தான் வேட்டிய தரைல போட்டதுல வருத்தம். ஆமா, உள்ள போறப்ப கேட்டுட்டுப் போங்க, செருப்பக் கழட்டுங்க, முன்னோர்களுக்குப் படைப்பு போடற எடத்துல கேமராவத் தூக்காதீங்க.

அப்பறம் பிரிண்ட். ஸ்க்ரீன்ல தெரியற இருட்டு பேப்பர்ல இன்னும் இருட்டாயிரும். மொத பிரிண்ட்ல எனக்கு அஞ்சு பூட்டுதான் வந்துச்சு, கடைசி ரெண்டும் காணோம். ஷேடோவ மட்டும் அர ஸ்டாப் ஏத்தி, க்ளாஸி வேணாம்னு மேட் பேப்பர்ல போட்டப்பறம்தான் ஏழும் வந்துச்சு, ஒரு காப்பி ஆச்சிக்கும் குடுத்தேன், கண்ணாடியப் போட்டு வெரலால ஒவ்வொரு கதவாத் தொட்டு, அது யாரு அறைன்னு சொல்லிட்டே போனாங்க.